நான் ஏசல, சும்மா சொல்றேன்

என் பாப்பாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அப்பா, மார்ட்டின பத்தி அம்மா நெறைய சொல்லிட்டாங்க. நீங்க ஒண்ணுமே சொல்லலயே. வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கப் போறாங்க. புடிக்கலன்னா இப்பவே ஏசிருங்க லா. அப்புறம் மூஞ்சிய தூக்கி வச்சிக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே முடித்திருந்தாய். நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவைத்தேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். எனக்கு வாய் வராததால் அனுப்பியது அது. கோர்ட்டில் ஜுருபாசாவாக, அடுத்தவர் பேச்சைத் தமிழிலிருந்து மலாய்க்கும் இங்கிலீஷுக்கும் மாற்றிச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். சொந்தப் பேச்சு என்று வந்தால் எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னுமா எழுதுறீங்க? கல்யாணத்துக்கு கடிதம் எழுதுறீங்களா, தீர்ப்பு எழுதுறீங்களா?" என்று கேட்கிறாள்.

பிடிக்காவிட்டால் ஏசச் சொன்னாய். நான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் திட்டு என்பதை நாம் இங்கே ஏசு என்கிறோம். மலாய்க்காரர்களோடு பேசும்போது அது மாரா. இங்கிலீஷில் ஸ்கோல்டு. நீ சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "டீச்சர் என்னை ஸ்கோல்ட் பண்ணிட்டாங்க, அம்மா ஏசுவாங்க, அப்பா மாரா ஆவாதீங்க" என்று ஒரே மூச்சில் மூன்று மொழியிலும் முன்ஜாமீன் வாங்குவாய். மறைக்கல்வி வகுப்பில் நீ செய்த கலாட்டா நினைவிருக்கிறதா? கோயில் புத்தகத்தில் இயேசு என்று எழுதியிருந்தாலும் நம் வாயில் அது ஏசுதானே. ஆண்டவர் யாரிடமும் கோபப்படாதவர், நீங்களும் அப்படி இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னாராம். நீ எழுந்து, "அவரு பேரே ஏசு டீச்சர். ஏசாம இருப்பாரா?" என்று கேட்டிருக்கிறாய். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர் உன்னை உட்காரச் சொன்னார். நீ உட்காரவில்லை. கோயிலில் கடை போட்டவர்களின் மேசையைப் புரட்டிப் போட்டு விரட்டினாரே, அது ஏச்சு இல்லையா என்று கேட்டாய். டீச்சர் எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது உன் அம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதையும் சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்தது உண்மை.

அந்த வாய் உன் அம்மாவிடமிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கிருந்து வந்தாலும் உனக்கு அது சோறு போட்டது. செனாயில் அந்தத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த புதிதில், "என் வேலையே ஏசுறதுதாம்பா. தொப்பி போடலன்னா ஏசணும், கயிறு மாட்டலன்னா ஏசணும், இதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்க" என்றாய். அங்கே உனக்கு 'காக் மாரா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கோபக்கார அக்கா. முதலில் உனக்கு வருத்தம். பிறகு ஒருநாள் வங்காளதேசத்துப் பையன் ஒருவன், இயந்திரம் தூக்கி நிறுத்திய சரக்குப் பலகைக்குக் கீழே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். நீ மறு முனையிலிருந்து போட்ட சத்தத்தில் அவன் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். பின்னாலேயே பலகை சரிந்து விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவன் பிழைத்த சந்தோஷத்தைவிட, "ரொம்ப ஏசிட்டேன்பா, அவன் அம்மாவையெல்லாம் இழுத்துட்டேன்" என்று அழுததுதான் அதிகம். மறுநாள் அவன் உன்னிடம் வந்து, "காக் மாரா, சாயா ஹிடுப்" என்றானாம். அக்கா ஏசினீர்கள், நான் உயிரோடிருக்கிறேன். இதை நீ என்னிடம் சொன்ன நாளிலிருந்து கோயிலில் நான் அந்தப் பையனுக்காகவும் உன் தொண்டைக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதை நீ கேட்டதில்லை. கோர்ட்டில் கேட்டதை வீட்டில் பேசக்கூடாது என்று வைத்திருந்தேன். அதில் வருகிற பெண்ணின் பெயரை இப்போதும் சொல்ல மாட்டேன். நான் குளுவாங்கில் வேலை பார்த்த காலம் அது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஓர் அம்மா சாட்சி சொல்ல வந்திருந்தார். புருஷன் அடித்ததில் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது. ஜுருபாசா வேலையில் ஒரு முறை உண்டு. சாட்சி 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. அதனால் கழுத்தில் டை கட்டிய இந்த ஆண்பிள்ளை, "என் கணவர் என்னை அடித்தார், என் கை முறிந்தது" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு நின்றேன். புருஷனுக்காக வந்த வக்கீல் எழுந்து, இந்த அம்மா ஓயாமல் கணவரை ஸ்கோல்ட் பண்ணுகிறவர், அக்கம்பக்கம் எல்லாருக்கும் தெரியும், இல்லையா என்று கேட்டார். அந்தச் சொல்லை அவர் உச்சரித்த விதம், பையிலிருந்து கத்தியை எடுத்து மேசைமேல் வைத்த மாதிரி இருந்தது. நான், "நீங்க எப்பவும் வீட்டுக்காரர ஏசுவீங்களாமே?" என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா சார், ஏசுனேன். சம்பளத்த பூரா குடிச்சிட்டு வந்தா ஏசாம என்ன செய்வாங்க? எனக்கு வாய் இருந்துச்சி, ஏசுனேன். அவருக்கும் வாய் இருந்துச்சிதானே, திருப்பி ஏசியிருக்கலாம்ல? கைய ஏன் சார் தூக்குனாரு?"

நான் அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். நான் ஏசினேன். எனக்கு வாய் இருந்தது. இரண்டு வாக்கியம் போனதும் என் குரல் கம்மிவிட்டது. ஜுருபாசாவின் குரல் கம்மக் கூடாது. நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் சொல்லி முடித்தேன். புருஷனுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த வக்கீல் அந்தச் சொல்லைக் குற்றச்சாட்டு மாதிரி ஏன் சொன்னார் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஆபீஸ் அலமாரியிலிருந்த தடித்த இங்கிலீஷ் அகராதியையும் பழைய சட்ட அகராதி ஒன்றையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். வக்கீல் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, ஒரு காலத்தில் அது நிஜமாகவே குற்றம்தான்.

ஸ்கோல்டு முதலில் வினைச்சொல்லே இல்லை, பாப்பா. அது ஓர் ஆளின் பெயர். வாய்த்துடுக்கு உள்ளவர், கண்டபடி பேசுகிறவர் என்று பொருள். போகப்போக அது பெரும்பாலும் பெண்ணைக் குறிக்கிற பெயராகிப்போனது. அந்தப் பெயரிலிருந்துதான் செயல் பிறந்தது. முதலில் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பது என்ற பொருளும், வெகுகாலம் கழித்து நீயும் நானும் சொல்கிற, தப்பைக் கண்டித்துப் பேசுவது என்ற பொருளும் வந்தன. அதாவது ஒருத்தி ஏசினாள் என்று யாரும் முதலில் சொல்லவில்லை. இவள் ஏசுகிறவள் என்று முத்திரை குத்திவிட்டார்கள், அப்புறம் அவள் வாயைத் திறந்தாலே அது ஏச்சு. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில், ஓயாமல் ஏசி அக்கம்பக்கத்தின் அமைதியைக் கெடுக்கிற பெண்ணை நாற்காலியில் கட்டிக் குளத்தில் முக்கி எடுக்கலாம். சில ஊர்களில் இரும்பில் கடிவாளம் செய்து வைத்திருந்தார்கள். தலையைச் சுற்றிப் பூட்டினால், நாக்கை அழுத்திப் பிடிக்க ஒரு தகடு வாய்க்குள் போகும். அதை மாட்டித் தெருவில் நடத்திக்கொண்டு போவார்கள். ஆண்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆண்கள் யாரும் ஏசவில்லை போலிருக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் அகராதியை மூடிவைத்துவிட்டு மறந்திருப்பேன். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. இங்கிலாந்துக்கு வடக்கே கடல் தாண்டியிருந்த நாட்டாரின் பழைய மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று, உறுதியாக இல்லாமல், 'அநேகமாக' என்று போட்டு எழுதியிருந்தார்கள். அந்த மொழியில் ஸ்கால்டு என்றால் கவிஞன். ராஜாவைப் புகழ்ந்து பாடுகிறவன். பிடிக்காதவனைப் பற்றி அதே வாயால் வசை பாடவும் செய்வான், அந்த வசைக்குப் பெரிய பெரிய ஆட்களும் பயப்படுவார்களாம். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நம் தமிழிலும் வசையைப் பாடுவதாகத்தானே சொல்கிறோம். ஏச்சும் பேச்சும் நம் வாயில் சேர்ந்தேதானே வருகின்றன. அந்தச் செம்பனைத் தோட்டத்து அம்மா கூண்டில் நின்று சொன்னதும் அப்படியொரு பாட்டுதான் என்று அப்போது தோன்றியது. அதை நான் என் வாயால் சொன்னேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு. சம்பளம், பதவி என்று என் உத்தியோகத்தில் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை, இது ஒன்று இருக்கிறது.

உன் அம்மாவின் ஏச்சில் முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவன் என்ற முறையிலும் சில விஷயம் சொல்லலாம். அவள் என்னை ஏசும்போதுகூட மரியாதை குறையாது. "நீங்கல்லாம் ஒரு மனுஷனா? படிச்சவருதானே நீங்க?" என்று பன்மையிலேயே காய்ச்சி எடுப்பாள். உன் மாமா இறந்தபோது அவள் கொஞ்ச நாள் ஏசாமல் இருந்தாள். நான் சட்டையை நாற்காலியில் போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸைக் கழுவாமல் வைத்தேன், அவளே கழுவிவைத்தாள். அழுகிறவளுக்காவது ஆறுதல் சொல்லலாம், ஏசாமல் இருக்கிற உன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நனைந்த துண்டைப் படுக்கைமேல் வேண்டுமென்றே போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். உள்ளேயிருந்து, "யாரு இந்த ஈரத் துண்ட மெத்தையில போட்டது? இந்த வீட்டுல கண்ணு தெரிஞ்சவங்க யாருமே இல்லியா?" என்று சத்தம் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருத்தர் ஏசுகிறார் என்றால் அவர் இன்னும் அங்கே இருக்கிறார், இந்த வீடு சரியாக வேண்டும் என்று நினைக்கிறார் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த குடும்ப வாழ்க்கை இவ்வளவுதான்.

மார்ட்டின் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான். சிங்கப்பூரில் வேலை முடித்து பாலத்து நெரிசலில் நின்று களைத்து வந்தாலும், உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் மறுவார்த்தை பேசாமல் வண்டியை எடுக்கிறான். உன்மேல் அவனுக்கு உயிர். இதெல்லாம் எனக்கும் கண்ணில் படுகிறது. ஆனால் அவன் விரலும் கண்ணில் படுகிறது. நீ கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தால் அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ரேடியோவில் சத்தத்தைக் குறைக்கிற மாதிரி காற்றில் திருகுகிறான். சிரித்துக்கொண்டேதான் செய்கிறான். முதல் தடவை பார்த்தபோது எல்லோரும் சிரித்தோம், நீயும் சிரித்தாய், உன் அம்மா ரசித்தே சிரித்தாள். அதற்குப் பிறகு, அவன் விரலைத் தூக்குவதற்கு முன்பே நீ குரலை இறக்கிக்கொள்வதைப் பார்த்தேன். அதற்கும் பிறகு, அவன் இல்லாத நேரத்திலும், கறி கொஞ்சம் உப்பு என்று சொல்வதற்குக்கூட, "நான் ஏசல, சும்மா சொல்றேன்" என்று நீ ஆரம்பிக்கத் தொடங்கினாய். செனாய் வேலையை விட்டுவிட்டு அக்கரைச் சிங்கப்பூரில் ஏதோ ஆபீஸில் கணக்குப் பார்க்கிற வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோதும் அப்படித்தான். "மார்ட்டின் சொல்றாரு, சதா ஏசிக்கிட்டே இருந்தா பொம்பளைக்கு அதுவே குணமாயிரும்னு" என்றாய். நீ தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னாய்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், நீயே அங்கே இருந்தாய் என்றாலும் நீ என் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. நீங்கள் இருவரும் சாப்பிட வந்திருந்தீர்கள். உன் அம்மா அப்போதுதான் புது கேஸ் தோங்கை, சிலிண்டரை, மாற்றியிருந்தாள். நாங்கள் வயதானவர்கள், எங்கள் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. நீ கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டாய். உன் மூக்கு விடைத்தது. பழைய நீயாக இருந்தால் வாசலிலிருந்தே, "அடுப்ப தொடாதீங்க!" என்று நீ போடுகிற சத்தத்தில் நம் தாமானில் குடியிருக்கிற பாதிப் பேர் வெளியே வந்திருப்பார்கள். நீ அடுப்படி வரைக்கும் நடந்து போனாய். அங்கே போய் நின்று, "அம்மா, நான் ஏசல, சும்மா சொல்றேன், கேஸ் வாடை வர்ற மாதிரி..." என்று ஆரம்பித்தாய். பின்னாலிருந்து மார்ட்டின், அவனுக்கு விஷயம் தெரியாது, வழக்கம்போல விரலைத் திருகினான். உன் அம்மாவின் கையில் லைட்டர் இருந்தது. நீ அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, பாப்பா. ஒரு நொடி நின்றுவிட்டாய். நான்தான் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். அதன் பிறகு நீ வால்வை அடைத்தாய், ஜன்னல்களைத் திறந்தாய், எல்லாம் முறைப்படி செய்தாய். ஒன்றும் ஆகவில்லை. மார்ட்டின் பயந்துபோய்த் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். ஆனால் யாரோ ஒரு பையனுக்காகத் தொழிற்சாலையே அதிரக் கத்தியவள், பெற்ற தாயின் கையில் லைட்டரைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு வாக்கியத்தை ஆரம்பித்தாயே, அதை என்னால் மறக்க முடியவில்லை. இரும்பில் செய்தால்தான் கடிவாளமா? இரண்டு விரல் போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் போன பிறகு உன் அம்மா ரொம்ப நேரம் அடுப்புப் பக்கமே போகவில்லை. பொறுமை வந்துவிட்டது, பெண் திருந்திவிட்டாள் என்று அதுவரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். "என் வாய அப்படியே வாங்கிட்டு பொறந்தாளேன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்ங்க. வெளிய காட்டிக்கல. அத எங்க வச்சிட்டு வந்தா அவ?" என்று கேட்டாள். பிறகு என்மேல் திரும்பினாள். நான் போய் மார்ட்டினிடம் பேச வேண்டுமாம். அவன் அப்பாவைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதுவும் முடியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்று ஓலையை நிறுத்தச் சொல்ல வேண்டுமாம். "ஊருக்கெல்லாம் பேசுனீங்க, பெத்த பொண்ணுக்கு பேச மாட்டீங்களா?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தேன்.

பதில் இதுதான். உன்னை ஏச வேண்டும் என்று கேட்டாயல்லவா, ஏசுகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. மார்ட்டினைப் பிடிக்காமலில்லை. நீ அவனுக்குப் பக்கத்தில் நிற்கிற நிலை எனக்குப் பிடிக்கவில்லை. உனக்குத் தெரிந்த வேலையை, நீ நேசித்த வேலையை, இன்னொருவர் காதுக்கு உறுத்துகிறது என்று விடுகிறாயே, அது சுத்த மடத்தனம். அவன் விரலைத் திருகுவது தப்பு. அது விளையாட்டு என்று நீ சிரித்தது அதைவிடப் பெரிய தப்பு. அவனுக்கு நீ சொல்லாவிட்டால் அது தப்பு என்று எப்படித் தெரியும்? நல்ல பையன், யாரும் அவனிடம் சொன்னதில்லை. ஒருத்தன் செய்த காரியத்தை ஏசுவது வேறு, ஆளையே இன்னதென்று முத்திரை குத்துவது வேறு. நீ தொழிற்சாலையில் காரியத்தைத்தான் ஏசினாய், தொப்பியை, கயிற்றை. அவன் உன்மேலேயே முத்திரை குத்துகிறான், அதுவே குணமாகிவிடும் என்கிறான். இந்த வித்தியாசத்தை அவனுக்குப் புரியவைக்கிற அளவுக்கு உனக்கு வாய் இருக்கிறது. வாய் இருந்தும் மூடி வைத்துக்கொண்டிருந்தால் நான் உன்னைத்தான் ஏசுவேன், அவனை அல்ல.

அதனால் நான் போய்ப் பேச மாட்டேன். கோயிலிலும் எழுந்து நிற்க மாட்டேன். உன் அம்மா எவ்வளவு ஏசினாலும் சரி. ஆயிரம் பேருக்காக 'நான்' என்று சொல்லியிருக்கிறேன், அவர்களுக்கு அந்த மொழி தெரியாது என்பதனால் சொன்னேன். உனக்கும் மார்ட்டினுக்கும் நடுவில் தெரியாத மொழி எதுவும் இல்லை. உனக்குப் பதிலாக அங்கே நான் 'நான்' என்று சொன்னால், அவன் குறைத்த சத்தத்தை நான் ஒரேயடியாக நிறுத்தினவனாகிவிடுவேன். நீ பேசிய பிறகு அவன் கேட்டுக்கொண்டான் என்றால் ஓலையை எத்தனை வாரம் வேண்டுமானாலும் வாசிக்கட்டும், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன், கல்யாணத்தன்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். கேட்கவில்லை என்றால் ஃபாதரிடம் நீயே போய்ச் சொல், நான் வெளியே வண்டியில் காத்திருக்கிறேன். மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம், பத்திரிகை, சொந்தக்காரர்களின் முகம், இவை எதையும் நினைக்காதே. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளத்தான் அப்பா என்று ஒருவன் இருக்கிறான்.

சனிக்கிழமை மத்தியானம் மார்ட்டினை நம் மாசாய் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீ அவனோடு பேச வேண்டியிருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். சரி அங்கிள் என்றான், குரலில் கொஞ்சம் கலக்கம் இருந்தது. நானும் அம்மாவும் காலையிலேயே குளுவாங்குக்கு உன் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவோம், பொழுது சாய்ந்துதான் திரும்புவோம். நீயும் வந்துவிடு, வீட்டில் நீங்கள் இருவர் மட்டும்தான். பக்கத்து வீட்டு மக்சிக்கிடமும் சுவருக்கு மேலாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன், சனிக்கிழமை எங்கள் வீட்டில் பாப்பாவின் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கலாம், பயப்பட வேண்டாம் என்று. அந்த மலாய்க்கார அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு, "லாமா தாக் டெங்கார் சுவாரா டியா" என்றார். பாப்பாவின் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறதாம். சனிக்கிழமை அவர் எங்கேயும் போகவில்லையாம், ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாராம்.

உன் அப்பா